இறக்காத குடம்

அத்தியாயம் பதினொன்று

நானூற்றுப் பன்னிரண்டு ரூபாய்.

கம்பைநல்லூரில் ரஹமத் பீவியின் புளி மண்டிச் சுவரில், முனிராஜ் பேரில் நிற்கிற கடன் அது. போன மாசியில் எவ்வளவோ இந்த மாசியிலும் அவ்வளவேதான். வட்டி வாங்குவது பீவிக்கு ஆகாத காரியம், அதனால் ஏறவில்லை. யாரும் கட்டவில்லை, அதனால் இறங்கவும் இல்லை.

பீவிக்கு எழுத்து வாசனை கிடையாது. புருஷன் கவுஸ் பாஷா மவுத்தான பிறகு மண்டியைக் கையில் எடுத்தவள், தனக்குத் தெரிந்த கணக்கைச் சுவரில் ஏற்றினாள். நூறுக்கு ஒரு கட்டம், பத்துக்கு ஒரு கோடு, ஒற்றை ரூபாய்க்கு ஒரு புள்ளி. அவளுக்கு வர வேண்டியது அடுப்புக்கரியில். அவள் கொடுக்க வேண்டியது சுண்ணாம்பில். தீர்ந்துபோனால் ஈரத்துணி.

அந்தக் கரிக்கட்டங்களுக்கு எதிரில் உட்கார்ந்துதான் ராமக்காள் தினமும் புளி தட்டுகிறாள். ஓடு நீக்கிய பழத்தைக் கல்லில் வைத்து, சின்னச் சுத்தியலால் ஒரு தட்டு. கொட்டை தெறித்து ஒரு பக்கம், சதை ஒரு பக்கம். தலை நிமிர்ந்தால் சுவர். பாவம், புருஷன் வைத்துவிட்டுப் போன கடனைப் பார்த்துப் பார்த்தே தேய்கிறாள் என்று கூட வேலை செய்கிற பெண்கள் பேசிக்கொள்வார்கள்.

அவளோ அந்தக் கரி அழிந்துவிடக் கூடாதே என்று காவல் இருந்தாள்.

முனிராஜ் கிணறு வெட்டுகிறவர். கூடவே தொழில் செய்த கிருஷ்ணப்பன், கயிறு அறுந்து கிணற்றுக்குள் விழுந்து செத்த நாளிலிருந்து அவரால் கண்ணை மூட முடியாமல் போனதை முதல் அத்தியாயத்திலேயே பார்த்தோம். மூடினால் கயிறு அறுகிற சத்தம். வைத்தியம் பார்த்தார்கள், மந்திரித்தார்கள். கடைசியில் யாரோ தர்மபுரியில் ஒரு தவக்கூடத்துக்குக் கூட்டிப்போனார்கள். குண்டலினி தவம் என்றார்கள். புருவ மத்தியில் ஒரு விரலை வைத்து, அங்கேயே நினைப்பை நிறுத்தி மூச்சைப் பார்க்கச் சொன்னார்கள்.

அன்றைக்கு வீடு வந்து படுத்தவர் குறட்டை விட்டுத் தூங்கினார். ராமக்காள் பக்கத்தில் படுத்து அந்தக் குறட்டையைக் கேட்டுச் சந்தோஷத்தில் அழுதாள். அந்தத் தூக்கத்துக்கு என்ன விலை என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

மலையோரத்துத் தவச்சாலையில் பத்து நாள் பயிற்சி என்றார். பயிற்சிக் கட்டணம், பஸ் சார்ஜ், வீட்டுக்கு அரிசி பருப்பு என்று பீவியிடம் கடன் வாங்கினார். போனார். பத்து நாள் ஒரு வருஷமாயிற்று. அங்கே சுவர் கட்டுகிறார், தவம் செய்கிறார், நல்லா இருக்கிறார் என்று வருகிறவர்கள் சொன்னார்கள். நல்லா இருக்கிறார் என்ற சொல்தான் ராமக்காளை அதிகமாகச் சுட்டது.

இப்போது ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தார். பௌர்ணமி அன்று விடிகாலையில் மேல்தீட்சை. அதை வாங்குகிறவர்கள் அங்கேயே தங்கி, வருகிறவர்களுக்குத் தவம் சொல்லிக்கொடுப்பார்கள். அதற்கு ஒரு சட்டம் இருந்தது. ஊரில் கடன் வைத்தவனுக்கு மேல்தீட்சை கிடையாது. ஒருவன் வயிறு எரிகிற இடத்தில் இன்னொருவன் தவம் நிற்காதாம்.

"அதனால முந்தின நாள் வந்து கடனைக் கட்டிட்டுப் போறேன்னு சொன்னாருங்க" என்றான் சேதி கொண்டுவந்தவன்.

அந்த முந்தின நாள் இன்றைக்கு.

வெள்ளி முளைக்கும்போதே ராமக்காள் எழுந்துவிட்டாள். வாசலில் காலிப் புளிச்சாக்கை மடித்துப் போட்டு, முதுகு நிமிர உட்கார்ந்தாள். வலது மூக்கைக் கட்டைவிரலால் அடைத்து இடது மூக்கில் மூச்சை இழுத்தாள். இடதை அடைத்து வலதில் விட்டாள். வருஷக்கணக்காகப் புளித்தூசி ஏறிய மூக்கு. நாலாவது மூச்சில் ஒரு தும்மல் வந்தே தீரும். வந்தது.

ஆமாம், அவளும்தான் தவம் செய்கிறாள். போன ஆனி மாதத்திலிருந்து.

பால்வாடி டீச்சர் ராணியம்மாள் வெள்ளிக்கிழமை சாயங்காலம், பிள்ளைகள் போன பிறகு, அந்த அறையிலேயே பெண்களுக்குத் தவம் சொல்லிக்கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனாள். சத்துமாவு வாசனை அடிக்கிற அறை, பிள்ளைகள் படுக்கிற குட்டிப் பாய்கள். "மத்தியானம் பிள்ளைங்க தூங்குது, சாயங்காலம் ஆத்தாக்காரிங்க தூங்குறீங்க, இது பால்வாடியா சத்திரமா?" என்று ஆயா வேலை செய்கிற குள்ளம்மாள் கேலி பேசுவாள்.

ஞானம் தேடி அவள் போகவில்லை. தன்னையும் மகளையும் விட்டுவிட்டுப் போகிற அளவுக்கு அந்தப் புருவ மத்தியில் என்னதான் இருக்கிறது, போய்ப் பார்த்துவிடுவோம் என்றுதான் போனாள்.

ராணியம்மாள் முதுகெலும்பின் அடியில் விரல் வைத்து, "இங்க ஒண்ணு சுருண்டு படுத்திருக்கு" என்றார். பிறகு புருவ மத்தியில் வைத்தார். எறும்பு ஊறுவது போல இருந்தது. ராமக்காள் கண்ணை மூடி அந்த எறும்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் எறும்பு இருந்த இடத்தில் முனிராஜின் முகம் வந்து நின்றது.

அன்று முதல் எப்போது உட்கார்ந்தாலும் அதே முகம். டீச்சரிடம் சொன்னாள்.

"நெனப்பு வரும், போவும் ராமக்கா. வந்தவங்களை வாசல்லயே நிக்க வெச்சு அனுப்பிடுங்க. பாய் போட்டு ஒக்கார வெக்காதீங்க."

ராமக்காள் தலையாட்டினாள். வீட்டுக்கு வந்து, தினமும் விடியலில் பாய் போட்டு உட்கார வைத்தாள். ஊர் கண்ணுக்கு அது தவம். அவளுக்கு அது புருஷனைப் பார்க்கிற நேரம்.

இன்றைக்கும் வந்தார். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் மகள் குரல்.

"நேர்ல வரப்போறவரை நெனப்புல வேற எதுக்குக் கூப்புடுற?"

மாதம்மாள். பத்தொன்பது வயது. பேச்சு சுத்தியல் மாதிரி விழும்.

"தவத்துல பேசக் கூடாதுடி."

"நீ தவத்துலயா இருக்க? சிரிச்சுக்கிட்டு இருந்த."

ராமக்காள் எழுந்து சாக்கை உதறினாள்.

"அப்பா வந்தா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காத மாது."

"நான் ஒண்ணே ஒண்ணுதான் கேப்பேன். சித்திரையில ஏரியூர்க்காரங்க வராங்க. என்னைத் தாரை வார்த்துக் குடுக்க மணையில யாரு ஒக்காருவாங்கன்னு கேப்பேன். பச்சியப்ப மாமனை ஒக்கார வெச்சுக்கறதா, இல்ல அவரு படத்தை வெச்சுக்கறதா?"

"வாயைக் கழுவு."

"உயிரோட இருக்கிறவரு வராம இருக்கறதுக்கு நான் எதுக்கு வாயைக் கழுவணும்?"

ராமக்காள் சாக்கை மடித்து மூலையில் வைத்தாள். சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு மண்டிக்கு நடந்தாள்.

வெயில் ஏறிய பிறகு தர்மபுரி பஸ்ஸில் வந்து இறங்கியவர், வீட்டுக்குப் போகாமல் நேராக மண்டி வாசலில் வந்து நின்றார். முதலில் கடன், பிறகுதான் மற்றது என்று தவச்சாலையில் சொல்லி அனுப்பியிருப்பார்கள்.

ராமக்காள் தட்டிய கை நின்றது.

வெள்ளை வேட்டி. தோளில் துணிப்பை. தலையில் ஈரத்துண்டு. மாசி வெயிலுக்கு யாரும் தலையில் ஈரத்துண்டு போடுவதில்லை. நெற்றியில் முடி ஏறியிருந்தது. கண் இரண்டும் சூளை வாய் மாதிரி சிவந்திருந்தன. தினமும் புருவ மத்தியில் வந்தவர் இவரில்லை. அவருக்குக் கன்னத்தில் சதை இருந்தது.

"நல்லாருக்கியா?" என்றார்.

"இருக்கேங்க."

ஒரு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த பேச்செல்லாம் ஒரே நேரத்தில் வாசலுக்கு வந்தால் எது முதலில் வெளியே போகும்?

பீவி உள்ளே இருந்து வந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஏற இறங்கப் பார்த்தாள்.

"வாங்க சாமியாரே. வழி தெரிஞ்சுதா?"

"சாமியாரெல்லாம் இல்லீங்கம்மா."

"பின்ன? சம்சாரியா? சம்சாரின்னா வூட்டுக்குப் போயி ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு வந்திருப்பே."

முனிராஜ் பையிலிருந்து முடிச்சை எடுத்து அவிழ்த்தார். "இருநூத்தி அறுவது இருக்குதுங்க. சுவரு கட்டின கூலி. மீதியை ரெண்டு மாசத்துல அனுப்பிடறேன். தீந்துபோச்சுன்னு ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா..."

"அரே, தீராததைத் தீந்துபோச்சுன்னு சொன்னா எனக்குல்ல பாவம். முழுசாக் குடு, இல்ல எடுத்துக்கிட்டுப் போ. அரைக் கட்டம் அழிக்கிற பழக்கம் என்கிட்ட இல்ல."

"நாளைக்கு விடிகாலம் தீட்சைங்கம்மா. இன்னிக்கு அஞ்சு மணி பஸ்ஸை விட்டா போய்ச் சேர முடியாது."

"சேராட்டி என்ன? பௌர்ணமி மாசாமாசம் வருது."

அவள் பேசப் பேச ராமக்காள் குனிந்தபடி ஒரே கொட்டையைத் தட்டிக்கொண்டிருந்தாள். பீவி யாருக்காகப் பேசுகிறாள் என்று அவளுக்குத் தெரியும்.

மத்தியானச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள ஊறுகாய் கொண்டுவந்த மாதம்மாள், அப்பனைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள். வா என்று கூட அவள் சொல்லவில்லை. பீவியைப் பார்த்துப் பேசினாள்.

"குடுக்குறதை வாங்கிக்குங்க பீவிம்மா. போறவரு போவட்டும். கடன்காரன் மவள்னு என்னை ஏரியூர்ல பேசாம இருந்தாப் போதும்."

பீவிக்குச் சுருக்கென்றது. "யாருடி உன்னைக் கடன்காரன் மவள்னது? உங்கம்மா நெனச்சிருந்தா போன தையிலயே இதை அழிச்சிருப்பா. அந்தச் சாக்கு அடுக்குக்குப் பின்னால போயிப் பாரு, அவ பேர்ல எத்தினி சுண்ணாம்புக் கட்டம் நிக்குதுன்னு. கழிச்சுக்கவான்னு கேட்டாக் கையைப் புடிச்சுக்..."

சொல்லி முடிக்கும் முன் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

சுத்தியல் சத்தம் நின்றது. மண்டியில் இருந்த பெண்கள் எல்லாரும் ராமக்காளைப் பார்த்தார்கள். மாதம்மாள் சாக்கு அடுக்குக்குப் பின்னால் போனாள். திரும்பி வந்தபோது முகம் வேறாக இருந்தது.

"அஞ்சு கட்டம் இருக்குது."

"உன் கல்யாணத்துக்குச் சேர்த்தது மாது" என்றாள் ராமக்காள்.

"அதுக்கு மட்டுமா? கடன் இருந்தா அவரு திரும்பி வந்துதான் ஆவணும்னு வெச்சிருந்தே. மாட்டைக் கட்டுற மாதிரி. கட்டிப்போட்ட மாடு நம்மளைத் தேடி வந்துச்சுன்னு நெனச்சுக்குவியா நீ?"

ராமக்காள் புருஷனை நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவர் கோபமாக இருக்கிறாரா என்று தெரிந்திருக்கும். அதற்குள் தரையில் பரப்பியிருந்த புளியின் மேல் சிவப்பாக ஒரு சொட்டு விழுந்தது. இன்னொரு சொட்டு.

முனிராஜின் மூக்கிலிருந்து ரத்தம்.

அவர் தலைத்துண்டின் நுனியால் அமுக்கிக்கொண்டு தூணில் சாய்ந்தார். "ஒண்ணுமில்ல. சூடு. அடிக்கடி வரும்."

மூக்கில் ரத்தம் வந்தால் வெங்காயம், இல்லாவிட்டால் ஆஸ்பத்திரி, அதுதான் ஊர் வழக்கம். ஒருத்தி வெங்காயம் எடுக்க ஓடினாள். ராமக்காள் எழுந்து போய் அவர் உச்சந்தலையில் கையை வைத்தாள். ஈரத்துண்டுக்கு மேலேயே கொதித்தது.

"எத்தினி நாளா தூங்கல?"

"பொங்கலுக்கு அப்புறம் சரியாத் தூங்கல."

"எறக்கம் பண்றதில்லையா நீங்க?"

அவர் திடுக்கிட்டுப் பார்த்தார். உச்சிக்கு ஏற்றியதைத் திரும்ப அடிமுதுகுக்குக் கொண்டுவருகிற அந்தத் தவச்சொல் இவளுக்கு எப்படித் தெரியும் என்பது அந்தப் பார்வை.

"வூட்டுக்கு வாங்க" என்றாள். "அஞ்சு மணிக்கு இன்னும் நேரம் இருக்குது."

வீட்டில் மோர் கரைத்துக் கொடுத்தாள். குடித்தார். மூக்கில் ரத்தம் நின்றிருந்தது. மாதம்மாள் பின்னாலேயே வந்து வாசற்படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

"நீ எப்போ தவத்துக்குப் போன?"

"ஆனியில இருந்து."

"எதுக்கு?"

"நீங்க போன எடம் எப்படி இருக்குதுன்னு பாக்க."

வாசற்படியில் இருந்தவளின் முதுகு லேசாக அசைந்தது. முனிராஜ் காலி டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

ராமக்காள் சாக்கைப் போட்டாள். "ஒக்காருங்க. டீச்சரம்மா எங்களுக்கு மொதல் நாள் சொன்னது இதுதான். தலையில ஏத்தின குடத்தை எறக்காம வூட்டுக்குள்ள பூந்தா நிலைவாசல்ல இடிக்கும். குடமும் போவும், மண்டையும் போவும். உங்களுக்கு அங்க இதைச் சொல்லித் தரலியா?"

"சொல்லித் தராம என்ன. அதான் மொதல்ல சொல்வாங்க."

"அப்புறம் ஏன் செய்யல?"

அவர் காலி டம்ளரைத் தரையில் வைத்தார். அவள் விடவில்லை.

"மேல நிக்கிறப்ப ஒண்ணும் தெரியாது ராமக்கா" என்றார் கடைசியில். குரல் தாழ்ந்திருந்தது. "கிருஷ்ணப்பன் இல்ல, கெணறு இல்ல, கயிறு இல்ல. ஒரே வெளிச்சம். கீழ எறக்குனா... கழுத்து தாண்டும், நெஞ்சு தாண்டும், அதுக்குக் கீழ போனா இந்த வூடு வந்துடுது. நீ அடுப்புகிட்ட நிக்கிற. இவ சடை பின்னிக்கிட்டு நிக்கிறா. எந்திரிச்சு பஸ் ஏறிடலாம்னு வருது. ஏறிட்டா, திரும்பவும் அந்தக் கெணறு. அதனால எறக்கறதையே விட்டுட்டேன். மேலயே இருந்துக்கிட்டேன்."

ராமக்காள் கேட்டுக்கொண்டே நின்றாள். ஆனியிலிருந்து அவள் புருவத்துக்கு நடுவில் அவர் இருந்தார். அவருடைய முதுகெலும்பின் அடியில் அவள் இருந்திருக்கிறாள். அவள் அழைத்துக்கொண்டே இருந்தாள், அவர் வராமல் இருப்பதற்காகவே மேலே ஏறிக்கொண்டிருந்தார்.

"கண்ணை மூடுங்க" என்றாள்.

எதிரில் உட்கார்ந்தாள். மெதுவாக மூச்சை இழுக்கச் சொன்னாள். உச்சியில் இருக்கிற நினைப்பைப் புருவத்துக்குக் கொண்டுவரச் சொன்னாள். புருவத்திலிருந்து தொண்டைக்கு. தொண்டையிலிருந்து நெஞ்சுக்கு. ராணியம்மாள் சொல்கிற அதே சொற்கள், ஆனால் அவள் வாயில் அவை மாட்டை மேட்டிலிருந்து இறக்குகிற பேச்சு மாதிரி இருந்தன. மெல்ல, பாத்து, காலை ஊணுங்க.

நெஞ்சுக்குக் கீழே வந்ததும் அவர் மூச்சு தடுமாறியது. தோள் இறுகியது.

"நிக்காதீங்க. எறங்குங்க."

"வருது ராமக்கா. வூடு வருது."

"வந்தா வரட்டும். நீங்க வூட்டுலதான இருக்கீங்க."

எழுந்து அவர் பின்னால் போய், முதுகெலும்பின் அடியில் ஒரு விரலை வைத்தாள். மண்டியில் துண்டுக்கு மேல் கை வைத்ததை விட்டால், ஒரு வருஷத்துக்குப் பிறகு அவரைத் தொடுகிறாள். விரல் புளிக்கறை ஏறிக் கறுத்திருந்தது. "இங்க இருங்க. இங்கயே."

"புளி வாசம் அடிக்குது" என்றார் கண்ணைத் திறக்காமல்.

"அது போவாதுங்க."

இறுகிய தோள் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. மூச்சு நீண்டது. அவர் கன்னத்தில் தண்ணீர் வழிந்தது, அவர் துடைக்கவில்லை. ராமக்காள் திரும்பவும் எதிரில் வந்து உட்கார்ந்து தானும் கண்ணை மூடினாள்.

புருவ மத்தியில் எறும்பு ஊறியது. அவள் காத்திருந்தாள்.

முகம் வரவில்லை.

முதலில் பயந்துவிட்டாள். தேடினாள். எறும்பு இருந்தது, அதைச் சுற்றி ஒன்றுமில்லாத ஒரு விரிவு இருந்தது, வெயில் தணிந்த பிறகு ஏரிக்கரையில் நிற்பது மாதிரி. அவர் ஒரு முழத் தூரத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். வரவேண்டியவர் வந்து உட்கார்ந்திருக்கும்போது நினைப்பு எங்கே போய் யாரைக் கூட்டிவரும்? எத்தனையோ விடியலில் உட்கார்ந்தும் கிடைக்காதது அப்போது கிடைத்தது. அவளுக்கு அது வேண்டியிருக்கவில்லை, ஆனாலும் நன்றாக இருந்தது. இதற்காகத்தான் போனாரா என்று நினைத்தாள். போகத்தான் தோன்றும் என்றும் நினைத்தாள்.

கண்ணைத் திறந்தபோது அவர் சாக்கிலேயே சாய்ந்து, கையைத் தலைக்கு அடியில் கொடுத்து, குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

அதே குறட்டை.

மாதம்மாள் வாசற்படியிலிருந்து திரும்பிப் பார்த்தாள். "தூங்கிட்டாரா?"

"ம்."

"பஸ்ஸு?"

வெயில் சுவரை விட்டு இறங்கியிருந்தது. பஸ்ஸுக்கு அதிக நேரமில்லை. இவர் இப்படியே தூங்கினால் போதும். யாரும் எதுவும் செய்ய வேண்டாம். விடிந்தால் தீட்சை முடிந்திருக்கும். கரிக்கோடும் சுவரிலேயே நிற்கும், அடுத்த பௌர்ணமிக்கும் காவலுக்கு ஆகும். ராமக்காள் அப்படி நினைக்கவில்லை என்று சொன்னால் அது பொய். நினைத்தாள். நினைத்துக்கொண்டே அவர் கால்மாட்டில் கொஞ்ச நேரம் நின்றாள். கிணற்றுப் பாறையில் வெடித்துப்போன அந்தப் பாதங்கள் இப்போது ஆறியிருந்தன.

பிறகு முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"மாது, மண்டிக்குப் போயிட்டு வரேன். அந்தச் சுண்ணாம்புக் காசு உன் கல்யாணத்துக்கு வெச்சது."

மாதம்மாள் சட்டென்று எழுந்தாள். எதற்குப் போகிறாள் என்று புரிந்துவிட்டது. அப்பனைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். இந்தப் பெண்ணுக்குப் பேச்சு வராமல் போனது இந்தக் கதையில் இதுதான் முதல் தடவை.

"இதைத் தீத்துட்டா அவரு போயிடுவாரும்மா."

"கட்டிப்போட்ட மாடுன்னு நீதான சொன்ன."

"நான் ஆயிரம் சொல்லுவேன்."

"சரியாத்தான் சொன்ன."

மாதம்மாள் மூக்கை உறிஞ்சினாள். "போ. ஏரியூர்க்காரங்ககிட்ட நான் பேசிக்கறேன். ஒரு பவுனு கொறஞ்சா கட்டிக்க மாட்டேன்றவன் எனக்கும் வேணாம்." பிறகு மெதுவாக, "பஸ்ஸு சத்தம் கேட்டா இவரை எழுப்பணுமா?" என்றாள்.

ராமக்காள் அதற்குள் தெருவில் இறங்கிவிட்டாள்.

மண்டியில் பெண்கள் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். பீவி தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மடித்தாள். ராமக்காளைக் கண்டதும் குற்றம் செய்தவள் மாதிரி எழுந்தாள்.

"என் வாயி சும்மா இருக்காது ராமக்கா. அந்தப் புள்ள கடன்காரன் கிடன்காரன்னு பேசுனதும்..."

"விடுங்கக்கா. கழிச்சுக்குங்க."

"எதை?"

"என் கட்டத்துல இருந்து அவரு கட்டத்தை."

பீவி வெற்றிலையைக் கீழே வைத்தாள். "அவன் கேட்டானா?"

"இல்ல. தூங்கறாரு."

"தூங்கறவன் தூங்கட்டுமே. உனக்கென்ன கிறுக்கா? ஒரு வருஷமா என்னைப் பொல்லாதவளா நிக்க வெச்சு அவனைக் கட்டி வெச்சே. இன்னிக்கு வந்து வூட்டுல படுத்திருக்கான். இப்பப் போயி அவுத்து விடறேன்ற."

"அவுக்காமயே இருந்துட்டா, கடனுக்காக இருக்காரா எனக்காக இருக்காரான்னு எனக்குச் சாவுற வரைக்கும் தெரியாதுக்கா."

இருபது வயதில் கைம்பெண்ணானவள் பீவி. எந்தக் கயிறும் போட்டு நிறுத்த முடியாத இடத்துக்குப் புருஷனை அனுப்பியவள்.

"பைத்தியக்காரி" என்றாள். சொன்ன விதத்தில் திட்டு இல்லை.

மூலையிலிருந்த வாளியில் துணியை நனைத்துப் பிழிந்து, சாக்கு அடுக்குக்குப் பின்னால் போனாள். சுண்ணாம்புக் கட்டத்தில் நாலை அழித்தாள். ஐந்தாவதையும் அழித்து, மிச்சம் நிற்க வேண்டிய கோடுகளையும் புள்ளிகளையும் புதிதாகப் போட்டாள். கணக்கில் அவள் ஒரு நாளும் தவறியதில்லை. திரும்பி வந்து துணியை ராமக்காளிடம் நீட்டினாள்.

"கரியை நீயே அழிச்சுக்க. எனக்குக் கை வராது."

ராமக்காள் சுவர் முன்னால் நின்றாள். முதல் கட்டத்தில் துணியை வைத்தபோது கரி இழுபட்டு நீளமாகப் பரவியது. அழுத்தித் துடைத்தாள். ஒரு வருஷத்துக் கரி, சுவரோடு ஊறிப்போயிருந்தது. இரண்டாவது. மூன்றாவது.

தூரத்தில், பாலத்துக்கு அந்தப் பக்கம், பஸ் ஹாரன் கேட்டது.

"ஓடு ராமக்கா" என்றாள் பீவி. "எழுப்பறதுன்னாலும் ஓடு, வாசலை அடைக்கறதுன்னாலும் ஓடு."

ராமக்காள் ஓடவில்லை. நாலாவது கட்டத்தைத் துடைத்தாள். கோட்டைத் துடைத்தாள். ஹாரன் இன்னும் பக்கத்தில் கேட்டது. வீட்டில் மாதம்மாள் என்ன செய்கிறாளோ, அவர் கண் விழித்தாரோ, விழித்தவர் பையைத் தேடுகிறாரோ, தண்ணீர் கேட்கிறாரோ. கடன் தீர்ந்தது அவருக்கு இன்னும் தெரியாது. மிஞ்சியிருந்த இரண்டு புள்ளிகளில் ஒன்றை விரலில் துணியைச் சுற்றி அழித்தாள். மற்றதன் மேல் விரலை வைத்தாள்.

புருவ மத்தியில் வைக்கிற மாதிரி கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள்.

பிறகு துடைத்தாள். முனிராஜ் பேரில் அந்தச் சுவரில் எதுவும் இல்லை. ஈரம் மட்டும் இருந்தது, அதுவும் காய ஆரம்பித்திருந்தது.